ரசிகர் மன்றம்: திரைக்கும் தெருவுக்கும் நடுவில்

ரசிகர் மன்றம் என்பது ஒரு நடிகரின் பெயரால் ஒரு தெருவின் அல்லது ஒரு ஊரின் இளைஞர்கள் சேர்ந்து நடத்தும் அமைப்பு. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பொறுப்பாளர்கள் இருப்பார்கள். பல மன்றங்களுக்குப் பதிவு எண்ணும் ரப்பர் ஸ்டாம்பும் உண்டு. தனி அலுவலகம் பெரும்பாலும் கிடையாது. டீக்கடை பெஞ்சும் சைக்கிள் கடைத் திண்ணையும் தையல் கடை வாசலுமே கூடும் இடங்கள். தெருமுனையில் நடிகரின் முகம் வரைந்த ஒரு தகரப் பலகை நிற்கும். அதன் கீழே பொறுப்பாளர்களின் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். சினிமா தமிழ்ச் சமூகத்தை எப்படி மாற்றியது என்று ஆராய்கிறவர்கள் பெரும்பாலும் திரையையே பார்க்கிறார்கள். வசனத்தையும் பாட்டையும் நாயகனின் தோற்றத்தையும் அலசுகிறார்கள். திரையில் தோன்றியது தெருவுக்கு இறங்கி வாக்காகவும் நன்கொடையாகவும் சண்டையாகவும் சில நேரம் சாவாகவும் மாறியது இந்தத் தகரப் பலகையின் வழியாகத்தான். ஆகவே நட்சத்திர மோகத்தின் சமூக வரலாற்றை மன்றத்திலிருந்து எழுதத் தொடங்குவதே பொருத்தம்.

மன்றங்கள் வருவதற்கு முன்பே புகழ் வந்துவிட்டது. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று சென்னையில் வெளியானது. அதற்கும் முன்னால் நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகச் சென்று நடிகர்களுக்குப் பெயர் தேடித் தந்திருந்தன. அந்தப் பெயரின் பலத்தைத் தேசிய இயக்கம் சீக்கிரமே புரிந்துகொண்டது. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி கலைஞர்களை அரவணைத்தார், கே.பி. சுந்தராம்பாள் கட்சி மேடைகளில் பாடினார், பின்னாளில் சட்ட மேலவை உறுப்பினரும் ஆனார். 'பக்த நந்தனார்' (1935) படத்துக்கு அவர் பெற்ற ஊதியம் 1 லட்சம் ரூபாய் என்பது அன்று ஊரெல்லாம் பேசப்பட்ட செய்தி. கல்கியின் கதையில் கே. சுப்ரமணியம் இயக்கிய 'தியாகபூமி' (1939) ஆங்கில அரசால் தடை செய்யப்பட்டது. நாடக மேடையும் ஆரம்பகாலத் திரையும் தேசிய அரசியலுக்குத் தூது சென்ற கதையை சு. தியடோர் பாஸ்கரன் 1981இல் வெளிவந்த தம் ஆய்வு நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

அந்தக் காலத்தின் மிகப் பெரிய நட்சத்திரம் எம்.கே. தியாகராஜ பாகவதர். 1944இல் வெளியான அவருடைய 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அவர் தலைமுடிக்கே 'பாகவதர் கிராப்' என்று பெயர் விழுந்தது. ஆண்கள் அப்படியே வளர்த்துக்கொண்டார்கள். அதே ஆண்டின் இறுதியில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவர் கைதானார். 1947இல் குற்றமற்றவர் என்று விடுதலையாகி வந்தபோது காலம் மாறியிருந்தது. பழைய வெற்றி திரும்பவே இல்லை. அவருக்கு ரசிகர்கள் ஏராளம். அவர்களைச் சேர்த்துக் கட்டிவைக்கும் அமைப்பு எதுவும் அப்போது இல்லை. அடுத்த தலைமுறை நட்சத்திரங்களின் சரித்திரம் வேறு திசையில் போனதற்கு இது முக்கியமான காரணம்.

சினிமாக் கொட்டகை என்ற இடமே ஒரு சமூக மாற்றம். கோயிலுக்குள் யார் போகலாம், எந்தத் தெருவில் யார் நடக்கலாம் என்று சாதி கணக்குப் பார்த்த காலத்தில், கொட்டகை டிக்கெட் காசை மட்டுமே கேட்டது. தமிழர்கள் அனைவரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலையரங்கம் சினிமாக் கொட்டகைதான் என்று பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி குறிப்பிட்டது இதைத்தான். பிரிவு முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. தரை, பெஞ்சு, சேர் என்று காசுக்கேற்ற வரிசை இருந்தது, டென்ட் கொட்டகைகளில் பெண்களுக்குத் தனித் தடுப்பும் இருந்தது. தரை டிக்கெட் வாங்கியவர்கள் முன்னால் இருப்பவர் தலை மறைக்காமலிருக்க மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்தார்கள். பிற்காலத்தில் நாயகர்களைத் தலைவர்களாக்கியவர்களில் பெரும்பகுதியினர் அந்த மணல்மேட்டுக்காரர்களே.

1949 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட திராவிட முன்னேற்றக் கழகம் இந்தக் கூட்டத்தின் அருமையை வேறு எந்தக் கட்சியையும்விட நன்றாக அறிந்திருந்தது. அண்ணாதுரையின் 'வேலைக்காரி' அதே 1949இல் படமாக வந்தது, மு. கருணாநிதி வசனம் எழுதிய 'பராசக்தி' 1952 தீபாவளிக்கு வெளியானது. பராசக்தியின் வசனம் சிறு புத்தகமாகவும் இசைத்தட்டாகவும் விற்றது. இளைஞர்கள் நீதிமன்றக் காட்சியை மனப்பாடம் செய்து பேசிக்காட்டினார்கள். மேடைப் பேச்சின் அடுக்குமொழி திரைக்குப் போய், திரையிலிருந்து கல்லூரிப் பேச்சுப்போட்டிக்கும் கல்யாண வீட்டு வாழ்த்துரைக்கும் திரும்பி வந்தது. எழுத்தறிவு குறைவாக இருந்த ஒரு மாநிலத்தில் செந்தமிழ் உச்சரிப்பு பாமரரின் பெருமையாக மாறியதில் இந்தப் படங்களின் பங்கு பெரிது.

இந்தக் கட்சிக்குள் 1953இல் வந்து சேர்ந்தவர் எம்.ஜி. ராமச்சந்திரன். 1936இல் 'சதிலீலாவதி' படத்தில் சிறு வேடத்தில் தொடங்கி, பத்தாண்டுகளுக்கு மேல் காத்திருந்து 'ராஜகுமாரி'யில் (1947) நாயகனானவர். தன் திரை உருவத்தை அவர் செதுக்கிய கவனத்துக்கு ஈடு சொல்வது கடினம். திரையில் குடிக்கமாட்டார், புகைக்கமாட்டார். தாயைத் தெய்வமாகக் கொள்வார். பெண்ணின் மானத்தைக் காப்பார். 'படகோட்டி' (1964), 'விவசாயி' (1967), 'மாட்டுக்கார வேலன்' (1970), 'ரிக்‌ஷாக்காரன்' (1971) என்று படத்தின் பெயரே உழைக்கிறவனின் தொழிலாக இருக்கும். ரிக்‌ஷா இழுப்பவன் அதைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது, தன் தொழிலின் பெயர் வண்ண எழுத்தில் கட்அவுட்டாக நிற்பதைக் கண்டான். அந்தக் கணத்தின் கௌரவத்தை அலட்சியமாகக் கடந்துபோகும் எந்த ஆய்வும் எம்.ஜி.ஆரின் செல்வாக்கை விளக்க முடியாது. அவரை மக்கள் 'வாத்தியார்' என்று அழைத்ததற்கும் அங்கேதான் வேர்.

1967 ஜனவரி 12 அன்று நடிகர் எம்.ஆர். ராதா அவரைச் சுட்டார். கழுத்தில் கட்டுடன் மருத்துவமனையில் இருக்கும் எம்.ஜி.ஆரின் படம் சுவரொட்டியாகி மாநிலம் முழுவதும் ஒட்டப்பட்டது. அந்த ஆண்டுத் தேர்தலில் தொகுதிக்குப் போகாமலேயே பரங்கிமலையில் வென்றார், தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. அந்தச் சுவரொட்டியை ஒட்டிய கைகளில் மன்றத்தாரின் கைகள் எத்தனையோ. 1972 அக்டோபரில் தி.மு.க.விலிருந்து அவர் நீக்கப்பட்டபோதுதான் மன்றத்தின் முழுப் பலமும் வெளிப்பட்டது. சாதாரணமாக ஒரு புதுக் கட்சி கிளை அமைக்கவே ஆண்டுகள் பிடிக்கும். அக்டோபர் 17 அன்று அண்ணா தி.மு.க. தொடங்கப்பட்டதும் ஊர் ஊராக இருந்த எம்.ஜி.ஆர். மன்றங்களே கட்சிக் கிளைகளாகிவிட்டன; பலகையில் பெயர் மாற வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஏழே மாதத்தில், 1973 மே மாதம் நடந்த திண்டுக்கல் இடைத்தேர்தலில் அந்தக் கட்சி வென்றது. 1977இல் அவர் முதலமைச்சரானார். 1984 தேர்தலின்போது அமெரிக்காவில் சிகிச்சையில் இருந்தார். அவர் படுக்கையில் அமர்ந்து உணவருந்தும் வீடியோ கிராமங்களில் திரையிடப்பட்டது. ஊரில் இல்லாமலேயே ஆண்டிப்பட்டியில் வெற்றி பெற்றார். 1987 டிசம்பர் 24 அன்று அவர் மறைந்தபோது துக்கம் தாளாமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் இருந்தார்கள்.

இந்தப் பற்றுக்குக் கிடைத்த பலன் என்ன என்ற கேள்வியை மிகக் கடுமையாகக் கேட்டவர் எம்.எஸ்.எஸ். பாண்டியன். 1992இல் ஆங்கிலத்தில் வெளிவந்து தமிழில் 'பிம்பச் சிறை' என்று பெயர்பெற்ற அவருடைய நூல், எம்.ஜி.ஆர். ஆட்சியின் வரிச்சுமை ஏழைகள் தலையிலும் ஆதாயம் வசதியானவர்கள் பக்கமும் விழுந்ததை எடுத்துக்காட்டி, அதே ஏழைகள் அவரைக் கைவிடாமல் தாங்கியது ஏன் என்று ஆராய்கிறது. அந்த வாதத்தில் வலு இருக்கிறது. ஆனால் 1982 ஜூலையில் விரிவுபடுத்தப்பட்ட சத்துணவுத் திட்டத்தை மக்கள் நினைவிலிருந்து எந்தக் கணக்காலும் அழிக்க இயலாது. பள்ளியில் பகல் சோறு கிடைத்த பிள்ளையின் தாய் திரையையும் ஆட்சியையும் ஒன்றாகக் கண்டாள் என்றால் அதை வெறும் மயக்கம் என்று ஒதுக்குவது நியாயமல்ல.

மன்றத்தின் உள்வாழ்க்கை படம் வெளியாகும் நாளில்தான் தெளிவாகத் தெரியும். ஃபிலிம் சுருள் இருந்த காலத்தில் அது படப்பெட்டியிலிருந்து தொடங்கியது. ரயிலிலோ பஸ்ஸிலோ வந்து இறங்கும் தகரப் பெட்டிக்கு மாலை போட்டு, சூடம் காட்டி, மேளத்தோடு ஊர்வலமாகத் திரையரங்குக்குக் கொண்டுபோவார்கள். முந்தின இரவே வேலை ஆரம்பம். ஒருவர் மூங்கில் தப்பைகளைக் கட்டி நட்சத்திரம் செய்வார். ஒருவர் பசை காய்ச்சுவார். சிறுவர்கள் பழைய செய்தித்தாளைப் பொடிப்பொடியாக வெட்டிப் பையில் நிரப்புவார்கள். நாயகன் திரையில் தோன்றும் நொடியில் அந்தக் காகிதப் பொடி விளக்கொளியில் பறக்கும்; சில்லறைக் காசு திரையை நோக்கி வீசப்படும். கட்அவுட்டுக்குப் பாலாபிஷேகம் வழக்கமானபோது, பால் வீணாவதைத் தடுக்கக் கோரி பால் முகவர்களின் அமைப்பு பலமுறை குரல் எழுப்பியது. முதல் காட்சிக்கான டிக்கெட்டுகளை மன்றங்கள் மொத்தமாக வாங்கிக் கூடுதல் விலைக்குத் தம் ஆட்களிடம் விற்பதும் உண்டு. அந்தப் பணத்தில்தான் தோரணமும் பேனரும். படத்தின் விளம்பரத்தில் பெரும்பங்கைத் தயாரிப்பாளருக்கு ஒரு பைசா செலவில்லாமல் செய்துகொடுத்தவர்கள் தினக்கூலிக்காரர்கள் என்பதைத் தமிழ் சினிமாவின் வணிகக் கணக்கு ஒருநாளும் எழுதிவைத்ததில்லை.

கொண்டாட்டம் ஒரு நாள்தான். மன்றம் ஆண்டு முழுவதும் இருக்கும். நடிகர் பிறந்தநாளில் ரத்ததானம், ஜூன் மாதம் நோட்டுப் புத்தகம், கோடையில் நீர்மோர்ப் பந்தல், தையல் மெஷின், இஸ்திரிப் பெட்டி வழங்கும் விழா என்று வேலைகள் தொடரும். மதுரையில் 1980களின் நடுவில் கள ஆய்வு செய்த மானுடவியலாளர் சாரா டிக்கி, நகர்ப்புற ஏழை ஆண்கள் மன்றத்தில் சேர்வதில் இந்தச் சமூகப் பணிக்கு இருந்த இடத்தைக் கவனித்து எழுதினார். கூலி வேலையில் பெயர் சொல்லிக்கூட அழைக்கப்படாத ஒருவர், மன்றத்தில் 'செயலாளர்' ஆகிறார். சுவரொட்டியில் அவர் பெயர் வருகிறது. போலீஸ் ஸ்டேஷனில் அனுமதி கேட்டு மனு எழுதப் பழகுகிறார். வட்டச் செயலாளரிடமும் கவுன்சிலரிடமும் பேசப் பழகுகிறார். பள்ளிக்கூடமும் சாதிச் சங்கமும் கட்சியும் இடம் கொடுக்காத இளைஞனுக்குப் பொதுவாழ்வின் முதல் படிக்கட்டாக மன்றம் இருந்தது. கமல்ஹாசன் தம் மன்றங்களை நற்பணி இயக்கமாக மாற்றியது, ஏற்கெனவே இருந்த இந்த ஆசைக்கு ஒரு வடிவம் கொடுத்தது.

ஆனால் மன்றம் இருந்துவிட்டால் ஆட்சி தானாக வந்துவிடும் என்பதில்லை. சிவாஜி கணேசனுக்கு எம்.ஜி.ஆருக்குச் சளைக்காத ரசிகர் படை இருந்தது. இரு தரப்பு மன்றங்களின் மோதல் பல ஊர்களில் ஒரு தலைமுறையின் நினைவு. 1988இல் அவர் தொடங்கிய தமிழக முன்னேற்ற முன்னணி அடுத்த ஆண்டுத் தேர்தலில் தோற்றது. திருவையாற்றில் அவரே தோற்றார். சிவாஜி நடிப்பில் அழுதார், தவறு செய்தார், வயதானார், செத்தார். ஒவ்வொரு பாத்திரத்துக்குள்ளும் கரைந்துபோகும் அந்த மேதைமைக்கு மக்கள் கண்ணீர் கொடுத்தார்கள். எல்லாப் படத்திலும் ஒரே ஆளாக வந்து எளியவனைக் காத்தவருக்கு வாக்குக் கொடுத்தார்கள். பார்வையாளர் நடிகரையும் தலைவரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத கூட்டம் என்ற பழைய குற்றச்சாட்டுக்குத் திருவையாறு தெளிவான மறுப்பு.

விஜயகாந்த் 2005 செப்டம்பர் 14 அன்று மதுரையில் தே.மு.தி.க.வைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே தனித்து நின்று 8 சதவீதத்துக்கு மேல் வாக்குப் பெற்றார், விருத்தாசலத்தில் வென்றார். 2011இல் கூட்டணியில் 29 இடங்கள் பெற்று எதிர்க்கட்சித் தலைவரானார். 2016இல் ஓர் இடமும் கிடைக்கவில்லை. எழுச்சியைக் கொடுத்தது மன்றக் கட்டமைப்பு. அதைக் கட்சியாக நிலைநிறுத்தக் கூட்டணிக் கணக்கும் உள்ளூர்த் தலைவர்களும் உடல்நலமும் வேண்டியிருந்தன. 2018 பிப்ரவரியில் கட்சி தொடங்கிய கமல்ஹாசன் 2021இல் கோவை தெற்கில் 1,728 வாக்குகளில் தோற்றார். 2017 டிசம்பர் 31 அன்று அரசியலுக்கு வருவதாக அறிவித்த ரஜினிகாந்த், மூன்றாண்டு கழித்து 2020 டிசம்பரில் பின்வாங்கினார்; அவருடைய மக்கள் மன்றம் கலைக்கப்பட்டு மறுபடி நற்பணி மன்றமானது. அறிவிப்புக்கும் பின்வாங்கலுக்கும் நடுவே சொந்தப் பணத்தைச் செலவழித்து வாக்குச்சாவடிக் குழு அமைத்த நிர்வாகிகளின் மனநிலையை யாரும் பதிவு செய்யாதது பெரும் குறை.

அண்டை மாநிலங்களைப் பார்த்தால் இந்த உறவு எங்கும் ஒரே மாதிரி இல்லை. ஆந்திரத்தில் என்.டி. ராமராவ் 1982 மார்ச்சில் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கி 1983 ஜனவரியில் முதலமைச்சரானார். 2008இல் கட்சி தொடங்கிய சிரஞ்சீவி 18 இடங்களோடு நின்று, பின்னர் காங்கிரசோடு இணைந்தார். கர்நாடகத்தில் ராஜ்குமார் தேர்தலுக்கே வரவில்லை. ஆனால் 1980களின் கோகாக் கிளர்ச்சியில் கன்னட மொழிக்கு அவர் முகமானார், 2006இல் அவர் இறந்தபோது பெங்களூர் கலவரத்தில் உயிர்கள் போயின. கேரளத்தில் கட்சிகளும் வாசகசாலைகளும் இளைஞர்களை முன்பே திரட்டிவிட்டதால், நட்சத்திரத்தைச் சுற்றி அரசியல் வளர நெடுங்காலம் இடம் கிடைக்கவில்லை.

மன்றம் ஆண்களின் இடம். எம்.ஜி.ஆருக்கு வாக்களித்தவர்களில் பெண்கள் ஏராளம். மன்றப் பலகையில் பெண் பெயர் அபூர்வம். நடிகைகளின் புகழ் வேறு வழியில் பரவியது: கடைக்குள், கண்ணாடி முன்னால், சமையலறைக்குள். 'பூவே பூச்சூடவா' (1985) வந்த பிறகு, அதில் நடித்த நதியாவின் பெயரில் நதியா கம்மல், நதியா வளையல், நதியா கொண்டை என்று கடைத்தெரு நிரம்பியது. 1990களில் மிருதுவான பெரிய இட்லிக்கு நடிகை குஷ்புவை வைத்துக் குஷ்பு இட்லி என்று பெயர் வந்தது. அவருக்குத் திருச்சியில் ரசிகர்கள் கோயிலே கட்டினார்கள். அதே குஷ்பு 2005இல் திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றிப் பத்திரிகைக்குச் சொன்ன கருத்துக்காக இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகளைச் சந்தித்தார்; தெருவில் அவருக்கெதிராக ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவற்றைத் தள்ளுபடி செய்தது. நாயகன் வாய் திறந்தால் அது அறிக்கை. நாயகி வாய் திறந்தால் அது வழக்கு. ஜெயலலிதா ஒருவரே இந்தச் சுவரைத் தாண்டினார். அவருக்கும் தேவைப்பட்டது எம்.ஜி.ஆர். விட்டுச்சென்ற கட்டமைப்பு.

திரை இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்ததில் மிகக் கெட்டது காதலைத் துரத்தலாகக் காட்டியது. மறுக்கும் பெண்ணின் பின்னாலேயே பஸ் நிறுத்தத்துக்கும் கல்லூரிக்கும் போவது, வழிமறிப்பது, கடைசியில் அவளே மனம் மாறுவது என்ற கதையைப் பல தசாப்தங்களாக நாயகர்கள் நடித்தார்கள், அரங்கு விசிலடித்தது. பெண்களைத் தொந்தரவு செய்வதைத் தடுக்கத் தமிழ்நாடு 1998இல் தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. பின்தொடர்தல் 2013இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றமானது. சட்டம் குற்றமென்று சொன்ன பிறகும் திரை அதைக் காதலென்றே சொல்லிக்கொண்டிருந்தது. சினிமா பார்த்துத்தான் ஒருவன் குற்றம் செய்கிறான் என்று நிறுவ இயலாது. ஆனால் மறுப்பை மதிக்கத் தேவையில்லை என்ற எண்ணத்துக்குப் பாட்டும் நடனமும் சேர்த்து அழகு கொடுத்த பொறுப்பிலிருந்து தொழில்துறை தப்ப முடியாது. புகைப்பழக்கத்தில் இந்தப் பொறுப்பு ஓரளவு உணரப்பட்டது. 2002இல் 'பாபா' படத்தின் சிகரெட் காட்சிகளைப் பாட்டாளி மக்கள் கட்சி எதிர்த்தது. பிறகு வந்த மத்திய அரசின் விதிகள் திரையில் எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கின. விளம்பரத்தில் நடிக்கும் பிரபலங்களையும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொறுப்பாக்குகிறது: பொய்யான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், ஓராண்டு வரை விளம்பரத் தடை. கருப்பு மக்களின் நாட்டில் சிவப்பழகு கிரீம் விற்ற முகங்களுக்கு அப்படி ஒரு பொறுப்பு முன்பே இருந்திருக்க வேண்டும்.

2010களில் மன்றம் கைப்பேசிக்குள் நகர்ந்தது. அஜித்குமார் 2011இல் தம் மன்றங்களைக் கலைத்தார். 2021இல் 'தல' என்று அழைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். மன்றம் போனாலும் ரசிகர்கள் போகவில்லை. சமூக ஊடகத்தில் ஹேஷ்டேக் சண்டையும் வசூல் கணக்குச் சண்டையும் இரவு பகலாக நடந்தன. பழைய மன்றத்தில் ஒருவரையொருவர் முகம் தெரியும். அடித்துக்கொண்டவர்களே மறுவாரம் ஒரே டீக்கடையில் நிற்க வேண்டியிருந்தது. புதிய ரசிகர் கூட்டத்தில் யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதிகாலைக் காட்சிகள் பெருவிழாவாயின. 2023 ஜனவரியில் சென்னையில் அத்தகைய ஒரு கொண்டாட்டத்தில் லாரியிலிருந்து விழுந்து ஓர் இளைஞர் இறந்தார். அதன்பின் முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான் என்ற கட்டுப்பாடு வந்தது.

நடிகர் விஜய்யின் ரசிகர்களைத் திரட்டிய விஜய் மக்கள் இயக்கம் பழைய மன்ற முறையையும் புதிய கைப்பேசித் தொடர்பையும் சேர்த்து வளர்ந்தது. 2021 உள்ளாட்சித் தேர்தலில் அதன் ஆட்கள் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் வென்றார்கள்; 2024 பிப்ரவரி 2 அன்று அவருடைய கட்சியாகத் தமிழக வெற்றிக் கழகம் அறிவிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் நடந்த அதன் பிரச்சாரக் கூட்டத்தில் நெரிசலில் சிக்கி 41 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். வந்தவர்களில் பலர் கட்சிக்காரர்களும் இல்லை, மன்றத்தாரும் இல்லை. திரையில் பார்த்த முகத்தை ஒருமுறை நேரில் பார்க்கக் குடும்பத்தோடு மணிக்கணக்கில் காத்துநின்றவர்கள். பொறுப்பு யாருடையது என்று விசாரிக்கும் வேலையை உச்ச நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுப் பிரிவிடம் ஒப்படைத்தது.